எது திருப்பணி?

எங்கள் செட்டிநாட்டுச் சீமையில் 'திருப்பணி' என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்த பணத்தை நகரத்தார்கள் எதில் போட்டார்கள் என்று கேட்டால், தெருவில் விளையாடும் பையன்கூடப் பதில் சொல்லுவான்: வீட்டில் போட்டார்கள், கோயிலில் போட்டார்கள். இடிந்த மண்டபத்தை எடுத்துக் கட்டுவதும், தூர்ந்த ஊருணியை வெட்டிப் படித்துறை அமைப்பதும், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் நடத்துவதும் இந்த மண்ணின் சுபாவம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஊருணி வெட்டியவனைக் குறை சொல்லுகிற நாக்கு வறண்டுதான் போகும்.

ஆனால் ஒரு சீமையின் சுபாவம் மதத்துக்கு மதம் வேலி பார்த்து நிற்பதில்லை. இப்போது மாதா கோவில்களையும் இந்தத் திருப்பணி மோகம் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய ஆலயம், ஒரு குறையும் இல்லாமல் குளுகுளுவென்று நிற்கும். அதை இடித்துத் தள்ளிவிட்டு, வழவழவென்று கல் பதித்து, கோபுரத்தைப் பக்கத்து ஊர்க் கோபுரத்தைவிடப் பத்தடி உயர்த்திக் கட்டி, வாசலில் சலவைக்கல் பதிக்கிறார்கள். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்த பிள்ளைகளின் பணம் அந்தக் கல்லில் 'உபயம்' என்று பெயராக மாறி நிற்கிறது. 'புதுப்பிக்கப்பட்ட ஆலயம்' என்று மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. ஆலயம் புதிதாயிற்று, சரி. ஊர் புதிதாயிற்றா? இது ஒன்றுதான் என் கேள்வி.

நான் ஞானஸ்நானம் பெற்றவன் அல்லன். வெளியே நிற்பவனுக்கு உள்ளே நடப்பதைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். மாதா கோவில் மணி கிறிஸ்தவன் வீட்டுக்கு மட்டுமா கேட்கிறது? ஊருக்கெல்லாம் கேட்கிற மணியைப் பற்றி ஊரான் எவனும் பேசலாம். அதுவுமன்றி, இந்தச் சபை வேண்டாத விருந்தாளி என்று நினைக்கிறவனாக நான் இருந்தால் பேசாமல் இருந்துவிடுவேன். அது இந்தச் சீமைக்குச் செய்த நன்மை எவ்வளவு என்று தெரிந்ததனால்தான், அது செய்யத் தவறியதைக் கண்டு ஆத்திரம் வருகிறது.

முதலில், நன்மையையே மறுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'எல்லாம் மதம் மாற்றுகிற தந்திரம். கஞ்சி ஊற்றி ஆள் பிடித்தார்கள்' என்பது அவர்களுடைய பல்லவி. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்த நாட்டைச் சூறையாடியபோது கஞ்சித் தொட்டியின் பக்கம் ஒதுங்கிச் சபையில் சேர்ந்தவர்கள் உண்டு, யார் இல்லையென்றார்கள்? ஆனால் ஐயா, பசித்தவன் கஞ்சி கிடைத்த இடத்தில் நின்றான் என்றால், வெட்கப்பட வேண்டியவன் அவனா, கஞ்சி ஊற்றியவனா, அல்லது களஞ்சியத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மற்ற இரண்டு பேரையும் பரிகாசம் செய்கிறவனா?

மறவ நாட்டில் சபையின் கதை கஞ்சியோடு தொடங்கவும் இல்லை, ரத்தத்தோடு தொடங்கிற்று. போர்ச்சுகல் தேசத்துப் பிரபு குடும்பத்தில் 1647-இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, காவி உடுத்தி, காய்கறி உண்டு, பண்டார சுவாமியாகி, அருளானந்தர் என்ற பெயரோடு இந்தப் பொட்டலில் நடந்தார். தடியத் தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவுக்காரி. அரண்மனையின் கோபம் அருளானந்தர் தலையில் விழுந்தது. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. இன்று அந்த ஊர்ச் செம்மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறவர்களில் கிறிஸ்தவர் யார், இந்து யார் என்று பிரித்துப் பார்க்க முடியாது. சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் சருகணி ஆலயத்துக்கு மானியம் விட்டார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய அந்த வீரர்களுக்கு, மாதா கோவில் அந்நியன் வீட்டு வாசலாகத் தோன்றவில்லை. நமக்குத்தான் இன்று தோன்றுகிறது.

அப்புறம் வந்தவர்கள் மருந்தும் எழுத்தும் கொண்டுவந்தார்கள். காரைக்குடிக்கு அடுத்த திருப்பத்தூரில் சுவீடன் தேசத்து மிஷனரிகள் ஓர் ஆஸ்பத்திரி வைத்தார்கள். மானாமதுரையில் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் தொழுநோயாளிகளுக்காகத் தயாபுரம் என்று ஓர் இடமே உண்டாக்கினார்கள். பெற்ற தாயே தொடத் தயங்குகிற உடம்பைத் தொட்டுக் கட்டுப் போடுவது தந்திரம் என்றால், அந்தத் தந்திரத்தை மற்ற மதத்தாரும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கலாமே!

எழுத்தின் கதை இன்னும் பெரியது. 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931-ஆம் ஆண்டு இந்திய ஜனத்தொகைக் கணக்குக்குத் தலைவராக இருந்த ஹட்டன், ஜாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இவற்றை வரிசையாகப் பதிந்து வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. எட்டுத் தடைகள் போதவில்லை. மறு வருஷம் ஜூன் மாதத்தில் பதினொன்று ஆயின. அந்தப் பதினொன்றில் ஒன்று: அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது.

இந்த ஒரு தடையைச் சற்று நின்று கவனியுங்கள். யாரும் செய்யாத காரியத்தை யாரும் தடுப்பதில்லை. சேரிப் பிள்ளை எங்கோ சிலேட்டுப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறான். அதைக் கண்டு ஒருவனுக்கு வயிறு எரிந்திருக்கிறது. அந்தச் சிலேட்டைக் கொடுத்தவர்கள் மிஷன் பள்ளிக்கூடத்தாரும் சர்க்காரின் தொழிலாளர் இலாகாப் பள்ளிக்கூடத்தாரும்தான். தங்கத்தைவிட, குடையைவிட, செருப்பைவிட 'அ' என்ற எழுத்து ஆபத்தானது என்பதைத் தடை போட்டவர்கள் சரியாகவே கண்டுகொண்டார்கள். 1934-இல் ஹரிஜன யாத்திரையாக வந்த காந்தியடிகள் இந்தப் பக்கத்து நாட்டார்களிடம் நேரில் பேச வேண்டியிருந்தது என்றால் நோயின் ஆழத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அது பழங்கதை என்பீர்கள். 2018 மே மாதம் இதே சிவகங்கை மாவட்டத்தில் கச்சநத்தம் என்ற ஊரில் தலித்துகள் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2022-இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தகராறுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? கோவில் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது. எட்டுத் தடை, பதினொன்று, பன்னிரண்டாவது தடை! எண்பத்தெட்டு வருஷத்தில் கணக்கு ஒன்று கூடியிருக்கிறது, குறையவில்லை.

இப்படிப்பட்ட சீமையில் ஊரைப் புதுப்பிப்பது என்றால் என்ன அர்த்தம்? ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். மனிதன் பக்கத்தில் மனிதன் உட்கார வேண்டும். அதற்காக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தது கிறிஸ்துவின் சபை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு குருவும் லேவியனும் விலகிப் போனார்கள், தீண்டத் தகாதவன் என்று யூதர்கள் ஒதுக்கிய சமாரியனே தூக்கி எடுத்தான் என்ற கதையை ஞாயிறுதோறும் பிரசங்கிக்கிற சபை அது. வேறு எவனும் செய்யாவிட்டாலும் அது செய்திருக்க வேண்டும். செய்ததா?

பள்ளிக்கூடத்தில் செய்தது, ஆஸ்பத்திரியில் செய்தது, கோவிலுக்குள்ளே வந்ததும் கை நடுங்கிவிட்டது. இதுதான் என் குற்றச்சாட்டு.

நடுக்கம் ஆரம்பத்திலேயே இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி மகா மேதை. தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். பூணூலும் குடுமியும் மதச் சின்னங்கள் அல்ல, வெறும் சமூக வழக்கங்களே என்று வாதாடினார். 1623-இல் ரோமாபுரியில் போப்பாண்டவரும் அதற்கு இசைந்தார். உயர்ந்த ஜாதியாருக்கு ஒரு சாமியார், மற்றவர்களுக்குப் பண்டார சுவாமி என்று குருமாரே இரண்டு வகுப்பாகப் பிரிந்து நடந்தார்கள். கதவு திறக்க வேண்டுமே என்று ஜாதியை வாசலில் அனுமதித்தார்கள். வாசலில் விட்ட ஒட்டகம் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டது.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். 1872-இல் அங்கே எழும்பிய ஆலயத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு நடுக்கூடங்கள், கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல. ஒரு காலில் ஒரு ஜாதி, மறு காலில் மற்றவர்கள். கடவுள் மட்டும் இடுப்பில் இருந்துகொண்டு இரு பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டியது! 1910-இல் கௌசானல் என்ற பாதிரியார் துணிந்து தடுப்பைத் தகர்த்தார். சும்மா விடுவார்களா? வழக்குப் போட்டார்கள். சென்னை ஹைகோர்ட்வரை போயிற்று. ஜாதிக்குத் தனி இடம் கேட்டவர்கள் தோற்றார்கள். சுவிசேஷம் சொல்லியும் கேளாத காதுக்குக் கோர்ட்டுத் தீர்ப்புத்தான் கேட்டது.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? சருகணித் தேர்த்திருவிழாவிலே நாட்டார் மரியாதை. ஊர்த் திருவிழாக்களிலே முதல் மாலை யாருக்கு, சப்பரத்துக்குத் தோள் யார் கொடுப்பது என்ற சச்சரவு. பக்கத்தில் கண்டதேவிக் கோவில் தேரின் வடத்தை யார் தொடுவது என்று 1998-இல் வெடித்த தகராறு பல வருஷம் அந்தத் தேரை நிலைகுத்தி நிற்க வைத்ததே, அதைக் கண்டு கிறிஸ்தவர்கள் பரிதாபப்பட உரிமை இல்லை. வடம் வேறு, கையை விலக்கச் சொன்ன குரல் ஒன்றே. இந்த மரியாதைகளை ஒழிக்க வேறு வழியில்லாமல் திருவிழாவையே நிறுத்தி வைத்த சேசு சபைப் பாதிரிமார்கள் இந்த வட்டாரத்தில் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் ஜாதியை நிறுத்த முடியாமல் சாமியை நிறுத்த வேண்டி வந்தது என்றால், நோய் எந்த எலும்பில் இருக்கிறது என்று பாருங்கள்.

வாழும்போது நடக்கிற கூத்தையாவது மனித பலவீனம் என்று விட்டுவிடலாம். செத்த பிறகு? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு சுவர், தலித் கிறிஸ்தவன் எலும்பையும் மற்றவன் எலும்பையும் பிரித்து நின்றது. அதை இடிக்க வேண்டுமென்று 2010-இல்கூடப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. எறையூரில் எந்தத் தெரு வழியாகப் பிணம் போவது, எந்த ஆலயத்தில் பூசை காண்பது என்ற பகை முற்றி, 2008 மார்ச் மாதத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். கடைசி நாளில் எல்லாரும் ஒன்றாக எழுந்திருப்போம் என்று நம்புகிறவர்கள், எழுந்த பிறகு முகத்தில் எப்படி விழிப்பார்களாம்? நடுவில் சுவர் இருப்பதால் பார்க்க நேராது என்று நினைத்துவிட்டார்களா?

இதற்குச் சொல்லப்படுகிற சமாதானங்கள் மூன்று. மூன்றும் எனக்கு மனப்பாடம்.

முதலாவது: 'இது இந்து சமூகத்திலிருந்து வந்த வியாதி; நாங்கள் என்ன செய்வோம்?' வியாதி எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் வைத்தியர் என்று பலகை மாட்டிக்கொண்டு வந்தவர்கள். வைத்தியரே நோயாளியிடமிருந்து நோயை வாங்கிக்கொண்டு, 'இது உன் வீட்டு நோய்' என்று பழி சொல்லுவது எந்த ஊர் வைத்தியம்?

இரண்டாவது: 'மெதுமெதுவாகத்தான் மாற்ற வேண்டும், அவசரப்பட்டால் ஆட்கள் போய்விடுவார்கள்.' நோபிலி வந்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எத்தனை மெதுவாக? இதே மதுரைப் பக்கத்தில் அமெரிக்க மிஷன்காரர்கள் 1847-இல், ஜாதியை விடாதவனுக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானித்தார்கள். சமபந்தியில் உட்கார மறுத்தவர்களை இழந்தார்கள், உபதேசிமார்களைக்கூட இழந்தார்கள். சபை செத்துவிடவில்லை. தலை எண்ணிக்கை குறைந்தது, முதுகெலும்பு மிஞ்சிற்று.

மூன்றாவது, சற்றுக் கனமானது: 'சர்க்காரே எங்கள் தலித்துகளை வஞ்சிக்கிறது.' உண்மை. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவு, இந்து அல்லாத தாழ்த்தப்பட்டவனுக்கு அட்டவணை ஜாதிச் சலுகை இல்லை என்று வைத்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவனும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். இது அநீதி என்று எந்த மேடையிலும் சொல்ல நான் தயார். ஆனால் டில்லியில் போய், 'எங்கள் மதத்திலும் இவர்கள் தீண்டத் தகாதவர்களாகவே நடத்தப்படுகிறார்கள். ஆகவே சலுகை கொடுங்கள்' என்று மனுக் கொடுக்கிற கை, ஊருக்குத் திரும்பி வந்ததும் கல்லறைச் சுவருக்கு வெள்ளையடிக்கலாமா? தலித் கிறிஸ்தவர்களுக்காகத் தமிழக ஆயர்கள் 1990-இல் பத்து அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளும் துணிவைப் பாராட்டுகிறேன். ஆனால் பாவசங்கீர்த்தனம் செய்தவனுக்குப் பரிகாரமும் உண்டு என்று அவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். ஒரு காலத்தில் சேரிப் பிள்ளையைத் தேடிப் பாதிரியார் நடந்தார். இன்று பெரிய பதவிக்காரரின் சிபாரிசுக் கடிதத்தோடு மற்றவர்கள் பாதிரியாரைத் தேடி நடக்கிறார்கள். உதவி பெறும் தமிழ்ப் பள்ளிகளில் பழைய தர்மம் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் புதிய புனிதர்களின் பெயரெல்லாம் இங்கிலீஷ் மீடியத்துக்கே போகின்றன. பீஸ் கட்ட முடிந்தவன் உள்ளே, முடியாதவன் வெளியே என்று ஒரு வாசல் வைத்தால், அதற்கும் அந்தப் படிப்புத் தடைக்கும் என்ன தூரம்? அவன் படிக்காதே என்றான். நீங்கள் பணம் கட்டிவிட்டுப் படி என்கிறீர்கள். ஒன்றுமில்லாதவன் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும்.

திருப்பணி என்ற சொல்லுக்குப் புது அர்த்தம் கொடுத்த மனிதர் ஒருவர் இந்தச் சீமையிலேயே பிறந்திருக்கிறார். கோயில் கட்டிய வம்சத்தில் வந்த அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி திறந்தார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தார். கல்லில் போட்டு வந்த பணத்தைத் தலைமுறையில் போடலாம் என்று காட்டினார். ஒரு தனி மனிதருக்குத் தோன்றியது, அன்பையே கட்டளையாகக் கொண்ட ஒரு ஸ்தாபனத்துக்குத் தோன்றக் கூடாதா?

அழகு வேண்டாமென்று சொல்லவில்லை. மானாமதுரைக்கு அருகே இடைக்காட்டூரில் 1894-இல் எழுப்பிய இருதய ஆண்டவர் ஆலயத்தைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். பிரான்ஸ் தேசத்து ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில், சுட்ட மண்ணில் ஒரு சொப்பனத்தைச் செய்து வைத்திருக்கிறார் செல் பாதிரியார். ஆனால் அந்த அழகுக்குச் சில மைல் தூரத்தில்தான் கச்சநத்தமும் இருக்கிறது. சருகணியில் 1973-இல் காலமான லெவே பாதிரியாரின் கல்லறையில் இன்றும் மழைக்காக வேண்டிக்கொள்கிறார்கள், எல்லா ஜாதியாரும். மழை எல்லார் வயலிலும் சமமாகப் பெய்ய வேண்டுமென்று வேண்டத் தெரிந்த ஜனங்களுக்கு, மண்ணுக்குள்ளும் சமமாகப் படுக்கலாம் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போயிற்றே என்பதுதான் என் வருத்தம்.

ஆகையால் சிவகங்கை மறைமாவட்டத்துக் குருமார்களையும், லூத்தரன் சபை, தென்னிந்தியத் திருச்சபைப் பெரியவர்களையும் நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த கோபுரத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் உங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஊரில் ஒரே தோட்டமா, இரண்டா? ஒரே பாடையா, இரண்டா? இரண்டாக இருந்தால் முதல் கடப்பாரை அங்கே விழட்டும். அடுத்த திருவிழாவுக்கு வசூலிக்கிற ஒவ்வொரு பத்து ரூபாயிலும் ஒரு ரூபாயை, சேரியிலிருந்து வரும் பிள்ளைக்குப் பீஸ் இல்லாத இடமாக மாற்றுங்கள். சப்பரத்துக்கு முன்தோள் கொடுக்க, இதுவரை தொட விடாத தோளைக் கூப்பிடுங்கள். கோபித்துக்கொண்டு சிலர் போவார்கள், போகட்டும். அவர்கள் போன பிறகு மிஞ்சுகிற கூட்டத்துக்கே சபை என்று பெயர்.

கோபுரம் கட்ட உபயதாரர்கள் வரிசையில் நிற்பார்கள். பெயர் பொறிக்கச் சலவைக்கல் இருக்கிறது. சுவர் இடிக்கிற காரியத்தில் பெயர் பொறிக்கக் கல்லே மிஞ்சாது. அதனால்தான் அதற்கு உபயதாரர் கிடைப்பதில்லை. அதனால்தான் அதற்குத் திருப்பணி என்று பெயர் வைக்கலாம்.